அக்கா என்னிடம் கொடுக்காத பார்சல்

1

திருகோணமலையில் சிறு இதழ் ஒன்று நடத்தும் நண்பர், அமெரிக்க அரசியலைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார். கஷ்டப்பட வேண்டாம், நீ போனில் கதைக்கிற மாதிரியே எழுது, அதுதான் சனத்துக்குப் பிடிக்கும் என்றார். நான் போனில் கதைக்கிற மாதிரி! அதைக் கேட்டதும் எனக்கு முகம் சுட்டது. போன வருடம் கேட்டிருந்தால் ஒரே இருப்பில் இருபது பக்கம் எழுதிக் கொடுத்திருப்பேன். இப்போது எழுத எனக்கு ஒரு விஷயம்தான் இருக்கிறது. அது அவர் கேட்ட விஷயந்தானா என்று எனக்குத் தெரியாது.

நான் திருகோணமலைக்குப் பக்கத்தில் சல்லி என்ற கடற்கரை ஊரில் பிறந்தவன். இப்போது ஓஹாயோ மாநிலத்தில், பெயர் சொன்னால் அந்த மாநிலத்தவர்களுக்கே தெரியாத ஓர் ஊரில் இருக்கிறேன். பெரிய பொருட்கிடங்கு ஒன்றில் மேற்பார்வை வேலை. வீட்டிலிருந்து வேலைக்கு முக்கால் மணி நேரக் கார் ஓட்டம். பக்கத்தில் இருந்து கதைக்க ஆளில்லாத அந்த முக்கால் மணி நேரந்தான் என்னைக் கெடுத்தது. போனைக் காரின் முன் தட்டில் செருகிவிட்டு, எங்கள் குடும்பக் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பத் தொடங்குவேன். நான் காலையில் வாய் ஓயாமல் அலம்புவதைச் சல்லியில் பின்னேரத் தேத்தண்ணியோடு கேட்பார்கள்.

என்னென்ன சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே கூசுகிறது. முட்டை விலை ஏறினாலும் ஒரு கருத்து, இறங்கினாலும் ஒரு கருத்து. இங்கே இருக்கிற இரண்டு கட்சிகளில் ஒன்றுக்கு வாய் பெரிது, மற்றதுக்கு முதுகெலும்பு இல்லை என்பேன். இந்த நாட்டில் கார் இல்லாதவன் கால் இல்லாதவன், பஸ்ஸில் போகிறவன் எல்லாம் வாழ்க்கையில் தோற்றவன் என்பேன். வீடியோ கேம் விளையாடுகிற பிள்ளை உருப்படாது என்பேன். என் மகன் கவின் பின் இருக்கையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டு வந்த நாட்களும் உண்டு. குழுவில் இருந்த சித்தப்பா ஒருவர் மட்டும் தவறாமல் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார். அது எனக்குப் போதும். ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்கு ஒரு தலையாட்டல் கிடைத்தால் போதாதா?

போன வருடம் இங்கே குடியேறிகளைப் பற்றிய சண்டை உச்சத்தில் நின்றது. வானொலியில் காலை முழுக்க அதுதான். எனக்கும் நாக்கு அரித்தது. அன்று நான் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பதிவு இன்னும் எங்கள் எல்லாருடைய போனிலும் கிடக்கிறது.

“வரிசையில நிண்டு வாறவன் வேற, வேலி பாய்ஞ்சு வாறவன் வேற. நாங்கள் சட்டப்படி வந்தனாங்கள். இப்பிடிக் களவா வந்து ஒளிச்சிருக்கிறவனை நான் கண்டனெண்டா, யோசிக்கமாட்டன், நானே போன் அடிச்சுப் பிடிச்சுக் குடுப்பன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தும் இருக்கிறேன். பதிவில் அந்தச் சிரிப்பும் இருக்கிறது. அன்று சித்தப்பாவின் கட்டை விரல்கூட வரவில்லை. ஆழமான விஷயம், யோசிக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் அக்கா மட்டும், சாப்பிட்டாயா என்று எழுதியிருந்தா.

2

இந்தக் கோடை விடுமுறைக்குக் கவினையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. கவினுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருடம். சல்லி அம்மன் கோயில் பொங்கலுக்கு நிற்க வேண்டும் என்று அவனே கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நகரத்திலிருந்து வாகனம் பிடிக்காமல் நிலாவெளி பஸ்ஸில் போவோம் என்றதும் அவன்தான். பஸ் நிறைந்து வழிந்தது. பக்கத்தில் தொங்கிக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவர் என் பைகளைப் பார்த்தே நான் எங்கிருந்து வருகிறேன் என்று பிடித்துவிட்டார். இனி அங்கே எங்கட ஆட்களை விடுவார்களா, இருக்கிறவர்களையும் அனுப்புகிறார்களாமே என்று கேட்டார். எனக்கு அது போதாதா! கம்பியைப் பிடித்தபடி சாம்பல்தீவு வரும்வரை அவருக்கு அமெரிக்க அரசியல் படிப்பித்தேன். இறங்கும்போது அவர், எங்கட பொடியன் ஒருத்தன் அங்க நிக்கிறான் தம்பி, அதுதான் கேட்டனான் என்றார். நான் அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அக்கா வீட்டில் சுதன் இல்லை. சுதன் அக்காவின் ஒரே மகன், இருபத்து நாலு வயது. அவனுக்கு முதல் சோறு தீத்தியது என் மடியில் வைத்து. அவன் தத்தித் தத்தி நடந்து திரிந்த வயதில் நான் அமெரிக்காவுக்கு வந்துவிட்டேன். கொழும்பில் ஒரு கொம்பனியில் வேலை, லீவு எடுக்க ஏலாதாம் என்று அத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் படகு எஞ்சினைத் துடைக்கப் போய்விட்டார். அதற்கும் என்னிடம் கருத்து இருந்தது. இந்தக் காலத்துப் பொடியன்களுக்கு அம்மனும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை, தாய்மாமன் வந்திருக்கிறான் என்ற மரியாதையும் இல்லை என்றேன். அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. அடுத்த மீனை எடுத்தா.

கவின் காலையில் எழுந்ததும் முற்றத்து வேம்புக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு போனில் விளையாடுவான். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லொறி ஓட்டுகிற விளையாட்டு. இரண்டு பேர் வெவ்வேறு இடத்தில் இருந்துகொண்டு ஒரே றோட்டில் இரண்டு லொறி ஓட்டலாம், ஓட்டிக்கொண்டே காதில் மாட்டியதில் கதைக்கலாம். மற்றவன் யார் என்று கேட்டேன். சுதன் அண்ணா என்றான். அவர்கள் இரண்டு பேரும் பல வருடமாக இப்படி விளையாடுகிறவர்கள், அது எனக்குத் தெரியும். கவினின் தமிழே அங்கேதான் தேறியது. ஞாயிறுதோறும் காரில் ஏற்றித் தமிழ்ப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விட்டும் வராத தமிழ், சுதனோடு லொறி ஓட்டி வந்தது. முடியாது என்னாமல் ஏலாது என்பான், பிறகு என்னாமல் பேந்து என்பான், அத்தான் சிரித்துச் சிரித்து அவனைக் கதைக்க வைப்பார்.

அன்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. விடியக் காலையில், வேலை நேரத்தில், கொழும்பில் எந்தக் கொம்பனி லொறி விளையாட விடுகிறது என்று, அக்கா சமைத்துக்கொண்டு நின்ற குசினிப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கேட்டேன். கோயிலுக்கு வர லீவில்லை, கேம் விளையாட மட்டும் லீவோ? கவின் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான். அக்கா கண்ணைக் காட்டினா. இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ ஓடுகிறது என்று ஒரு மனுசனுக்கு அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை, நான் தேத்தண்ணி கேட்டேன்.

3

பொங்கல் முடிந்து இரண்டொரு நாள் போயிருக்கும். நிலாவெளியில் இருந்து யோகம் என்ற பெண் ஸ்கூட்டியில் வந்தா. அக்காவோடு ஒன்றாகப் படித்தவ. அவவின் மகள் கல்யாணம் கட்டி அமெரிக்காவில் இருப்பதும், வந்துவிட்டு அண்மையில் திரும்பிப் போனதும் எனக்குத் தெரியாது. நாங்கள் எல்லாரும் விறாந்தையில் இருந்தோம். அவ செருப்பைக் கழற்றும்போதே சொல்லிக்கொண்டு வந்தா.

“பிள்ளை போன் அடிச்சவள். பார்சலைத் தம்பியிட்ட நேர குடுத்தாச்சாம். கருவாட்டை அங்கயே பிரிச்சு மணந்து பாத்தவனாம்.”

பிறகுதான் என்னைக் கண்டா. கண்டதும் சந்தோஷமாக, இது அமெரிக்காத் தம்பியெல்லோ என்றா. அடுத்த வசனத்தைத் தொடங்கி, அப்ப ஏன் என்ர பிள்ளையிட்டக் குடுத்து விட்டனீங்கள் என்று கேட்கப் போய், பாதியில் வாயை மூடிக்கொண்டா. அவவின் முகத்தில் ஈயாடவில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டா.

பார்சல் என்றால் என்ன என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டுக்குப் போகிறவனின் பெட்டி அவனுடையது அல்ல. யார் பறக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், சூடைக் கருவாடு, கறித்தூள், பனங்கட்டி என்று கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். கனடா என்றாலும் சரி, அமெரிக்கா என்றாலும் சரி, அங்கே போனபின் தபாலில் போட்டுவிடு தம்பி என்பார்கள். மறுக்க ஏலாது, மறுத்தால் மூன்று தலைமுறைக்குக் கதை இருக்கும். ஒவ்வொரு முறையும் கிளிவெட்டி, வெருகல் என்று யார் யாரோ வீட்டுக் கருவாட்டைச் சுமந்து என் உடுப்பெல்லாம் நாறியிருக்கிறது. நானும் ஒவ்வொரு முறையும் புறுபுறுத்திருக்கிறேன். ஆனால் சொந்தத் தம்பி அதே நாட்டில் இருக்க, அவன் வருகிறான் என்றும் தெரிந்திருக்க, ஒரு அக்கா தன் வீட்டுப் பார்சலை ஊரார் பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தந்தான். தம்பி செத்திருக்க வேண்டும், அல்லது பகையாளியாக இருக்க வேண்டும்.

எந்தத் தம்பியிட்டக் குடுத்தது என்று நான் மடையன் மாதிரிக் கேட்டேன். அத்தான் எழுந்து வலைப் பக்கம் போனார். அக்கா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தா.

“சுதன் அங்கதான் இருக்கிறான்” என்றா. “மெக்சிக்கோப் பக்கத்தால போனவன். இப்ப அகதிக் கேஸ் நடக்குது.”

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட அந்தக் கணமே எனக்கு விடை தெரிந்துவிட்டது. கேட்காமல் விட்டிருக்கலாம், ஆனால் கேட்டுவிட்டேன். அக்கா தலைப்பை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா. அவ சத்தம் போடுகிற ஆள் இல்லை. போட்டிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

“நீ அந்தக் கதையை அனுப்பின நேரம் அவன் பாதையில. கன நாளா அவனிட்ட இருந்து ஒரு கதையும் இல்லை. உயிரோட இருக்கிறானோ எண்டும் தெரியாது. போன் சத்தம் கேக்க, அவன்தான் எண்டு கிணத்தடியில இருந்து ஓடி வந்தனான். எடுத்தா, உன்ர குரல்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவ கையைக் காட்டி நிறுத்தினா.

“சண்டைக்குள்ள இந்தியாவுக்கு வள்ளத்தில போகேக்க நீ என்ர மடியில இருந்தனி. நேவிக்குக் கேக்குமெண்டு உன்ர வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். அண்டைக்கு எங்களிட்ட என்ன பேப்பர் இருந்தது, தம்பி? நாங்கள் எந்த வரிசையில நிண்டனாங்கள்?”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது மட்டுமென்றால் பரவாயில்லை. சட்டப்படி வந்தேன், வரிசையில் நின்றேன் என்று முழங்கிய நான் எப்படி வந்தேன் தெரியுமா? லொத்தரில். அமெரிக்கா வருடா வருடம் குலுக்கிப் போடுகிற விசா லொத்தர். நகரத்தில் ஒரு தொலைத்தொடர்புக் கடையில் சிநேகிதன் ஒருவன் தனக்குப் போடும்போது எனக்கும் சேர்த்துப் போட்டான். எனக்கு விழுந்தது, அவனுக்கு விழவில்லை. அவ்வளவுதான் என் யோக்கியதை. இத்தனை வருடத்தில் அதை நான் என் கெட்டித்தனம் என்று நம்பத் தொடங்கியிருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு அந்த விறாந்தையில்.

4

அன்று பின்னேரம் கவினைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனேன். அக்காவின் முகத்துக்கு முன்னால் இருக்க ஏலவில்லை, அதுதான் உண்மை. கடற்கரையில் கடலைச் சுருள் வாங்கிக்கொண்டு இருந்தோம். நகரத்தில் காவலின்றித் திரிகிற மான்களில் ஒன்று வந்து கவினின் கையில் இருந்த கடதாசியை இழுத்தது, அவன் கொடுத்துவிட்டான். துறைமுகப் பக்கம் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன்.

போன குளிர்காலம் தெரியும் என்றான். விளையாடிக்கொண்டிருக்கும்போது, சல்லியில் இப்போது விடியப்போகுதே, இன்னும் படுக்கேல்லையோ அண்ணா என்று இவன் கேட்டிருக்கிறான். இங்கேயும் பின்னேரந்தான் தம்பி என்று சுதன் சொன்னானாம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் லொறியை றோட்டோரம் நிறுத்திவிட்டு வெகுநேரம் கதைத்திருக்கிறார்கள். ஓஹாயோவில் எங்கள் ஊரில் இருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஒரு நகரத்தில் இருக்கிறான், அதன் பெயரைக் கவின் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கடை ஒன்றின் குசினியில் வேலை. லைசன்ஸ் இல்லை, கார் இல்லை, எங்கே போவதென்றாலும் பஸ்தான். லொறி ஓட்டுகிற கெட்டிக்காரன், போனுக்குள் மட்டும் ஓட்டுகிறான்.

இன்னொன்றும் சொன்னான். அந்த விளையாட்டில் நெடுஞ்சாலைகள் நிசத்தில் உள்ளபடியே இருக்குமாம். ஒருநாள் சுதன், மாமா வீட்டுக்குப் போகிற பாதையைக் காட்டு என்று கேட்டிருக்கிறான். இவன் முன்னால் ஓட, அவன் பின்னால் வந்திருக்கிறான். எங்கள் ஊர் சிறிசு, அந்த வரைபடத்தில் இல்லை, நெடுஞ்சாலையில் அது திரும்புகிற இடம் மட்டும் இருக்கிறது. அந்த இடத்தில் லொறியை நிறுத்திவிட்டு, வீட்டில் எல்லாரும் சுகமோ என்று கேட்டானாம். அப்போது நான் அடுத்த அறையில் இருந்திருப்பேன். கேமை நிப்பாட்டிவிட்டுப் படி என்று கத்தியும் இருப்பேன்.

நீயாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்றேன். அவன் மணலைக் காலால் தள்ளிக்கொண்டு இருந்தான். அவனுடைய தமிழ் அவசரத்துக்கு வராது, தேடித் தேடித்தான் சொல்வான்.

“சுதன் அண்ணா கேட்டவர், மாமா உண்மையா போன் அடிப்பாரோ எண்டு.”

“நீ என்ன சொன்னனி?”

“தெரியாது எண்டு சொன்னனான்.”

அவன் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். பத்தொன்பது வருடம் என் கூரைக்குக் கீழே வளர்ந்த பிள்ளைக்கு, தகப்பன் தன் மருமகனைக் காட்டிக்கொடுப்பானா மாட்டானா என்று தெரியவில்லை. பிள்ளைகள் கையை விட்டுப் போகிறார்கள், நம் பண்பாடு தெரியாமல் வளர்கிறார்கள் என்று நான் எத்தனை கூட்டத்தில் அழுதிருக்கிறேன். வாயைக் காக்கத் தெரிந்ததும், சொந்தக்காரனைக் காத்ததும் அவன். சீ, நானும் ஒரு மனுசனா என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அவனுக்கு அந்தச் சொற்றொடர் விளங்கவில்லை, என்னப்பா என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

5

ஊரில் நின்ற மிச்ச நாட்களில் அக்கா என்னோடு வழமைபோலவே இருந்தா. எனக்குப் பிடித்த கறி வைத்தா, குளித்தால் தலையைத் துவட்டு என்றா. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மன்னிப்புக் கேட்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருநாள் கடற்கரையில் தனியே நடந்து, அதையும் ஒரு குரல் பதிவாகப் பேசிக் குழுவுக்கு அனுப்பப் பார்த்தேன். பேசி முடித்துக் கேட்டால் அதிலும் நான் பிரசங்கந்தான் செய்துகொண்டிருந்தேன். அழித்துவிட்டேன். கடைசியில் குசினி வாசலில் நின்று, அக்கா, நான் பிழை விட்டுட்டன் என்று மட்டும் சொன்னேன். அவ தேங்காய் துருவிக்கொண்டே, தெரியும் தம்பி என்றா. மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லச் சொல்லிக் கேட்க எனக்கும் முகமில்லை.

வெளிக்கிடுகிற அன்று காலையில் நானே போய்க் கேட்டேன். சுதனுக்கு ஏதாவது கொண்டுபோக இருக்கா? அக்கா அத்தானைப் பார்த்தா. அத்தான் கூரையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பார்சலை எடுத்துக்கொண்டு வந்தா. அப்போது கட்டியது அல்ல, கட்டி வைத்திருந்தது. நான் கையை நீட்டினேன். அவ என்னைக் கடந்து போய்க் கவினின் பைக்குள் அதை வைத்தா. நீதான் அண்ணாவிட்டக் குடுக்கோணும் என்று அவனுக்குச் சொன்னா. எனக்கு, உன்ர பெட்டி பாரம்தானே என்றா. என் பெட்டியில் பாதி வெறுமையாக இருந்தது. அதைப் பூட்டியது அத்தான். அக்காவுக்கும் அத்தானுக்கும் அது தெரியும்.

ஓஹாயோ வந்து சில கிழமைகள் கழித்துத்தான் சுதன் சந்திக்கச் சம்மதித்தான். கவின்தான் லொறி ஓட்டிக்கொண்டே கேட்டுக் கேட்டுச் சம்மதிக்க வைத்தது. வீட்டுக்கு வரமாட்டானாம், நாங்களும் அவன் இடத்துக்குப் போகக் கூடாதாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு நகரத்துப் பஸ் நிலையம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இத்தனை வருடத்தில் நான் இந்த நாட்டில் ஒரு பஸ் நிலையத்துக்குள் கால் வைத்ததே இல்லை. பிளாஸ்டிக் கதிரைகள், மூடிக்கிடக்கிற தேநீர்க் கடை, பைகளைக் காலுக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிற சனம். நான் போனில் தோற்றவர்கள் என்று சொன்ன சனம். அவர்களில் ஒருவன் எழும்பி வந்தான்.

மெலிந்திருந்தான். தாடி வைத்திருந்தான். சின்ன வயதில் பார்த்த முகத்தைத் தேடிக்கொண்டு நான் நின்றேன். சுகமோ மாமா, மாமி சுகமோ, பாதை நல்லதோ என்று மரியாதையாகக் கேட்டான். கவினைக் கண்டதும் மட்டும் முகம் முழுக்கச் சிரித்தான், ஒருத்தன் தோளில் ஒருத்தன் அடித்துக்கொண்டார்கள். பார்சலைக் கவின் கொடுத்தான். அவன் அதைப் பிரிக்கவில்லை, மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம், கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்தேன். பொடியளோட மாமா, கிட்டத்தான் என்றான். வேலை எப்படி? பரவாயில்லை மாமா. கேஸ் எப்படி? போகுது மாமா. எதைக் கேட்டாலும் கதவைப் பாதி திறந்து பதில் சொல்லிவிட்டு மூடினான். எங்களோடு வந்து இரு, என் வீட்டில் அறை இருக்கிறது, நல்ல வக்கீலும் பார்க்கலாம் என்று நான் மளமளவென்று சொன்னேன். பேந்து பாப்பம் மாமா என்றான்.

பிறகு மூன்று பேருக்கும் கதை இல்லாமல் போய்விட்டது. அந்த மௌனம் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, பிள்ளை எனக்கு உதவி செய்யப் பார்த்தான்.

“இஞ்ச அரசியல் இனி என்ன மாதிரிப் போகும் மாமா? நீங்கள் என்ன நினைக்கிறியள்?”

கேலி இல்லை அவன் குரலில். மாமாவுக்குப் பிடித்த விஷயம், கேட்டால் மாமா கதைப்பார் என்று நினைத்துக் கேட்டான்.  எனக்கு ஒண்டும் தெரியாதடா என்றேன். போன் அடிக்கமாட்டன், உன்னாண நான் அப்பிடிச் செய்யமாட்டன் என்றும் சொன்னேன். சொல்லும்போதே, ஒரு மாமன் மருமகனுக்குச் சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டிய வசனமா இது என்று உடம்பெல்லாம் கூசியது. அவன் அவசரமாக, தெரியும் மாமா, நீங்கள் பகிடிக்குத்தானே சொன்னனீங்கள் என்றான். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்.

அப்போது வெளியே இரண்டு பஸ்கள் வந்து நின்றன. ஒன்று வடக்கே போவது, ஒன்று மேற்கே. ஒலிபெருக்கியில் ஊர்ப் பெயர்களை வாசித்தார்கள். கதிரைகளில் இருந்த சனமெல்லாம் எழும்பிப் போய் ஏறியது. சுதன் எழும்பவில்லை. உன்ர பஸ் இல்லையோ என்று கேட்டேன். நீங்கள் வெளிக்கிடுங்கோ மாமா, தூரம் ஓடவேணும், நான் பேந்து போறன் என்றான். எங்களோடு கார் வரைக்கும் வந்து, கதவைத் திறந்துவிட்டு, மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கோ என்றான்.

காரைத் திருப்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு பஸ்களுக்கும் நடுவில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தான். இரண்டும் கதவு திறந்து நின்றன. எதில் ஏறினாலும் எந்த ஊர் என்று எனக்குத் தெரிந்துவிடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தி விளக்குச் சிவப்பில் நாங்கள் நிற்க, முதலில் ஒரு பஸ் எங்களைக் கடந்து போனது, பின்னால் மற்றதும் போனது. அவன் அதே இடத்தில்தான் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு அடுத்த பஸ் இருட்டினபிறகுதான் என்று வழியில் கவின் சொன்னான்.